நாற்பது பிள்ளைகளும் நான்தான்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜன்னலில் குருவியின் தலையை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்து அத்தனைக்கும் அதுதான் ஆரம்பம்.

குருவி என் பேத்தி. ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. அந்த வகுப்புக்கு டீச்சர் அவள் அம்மாவேதான். அதாவது என் மருமகள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் "அம்மா" கிடையாது, "மிஸ்"தான். ஒரு தடவை வகுப்பில் மறந்துபோய் "அம்மா" என்று கூப்பிட்டு, பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் உஷாராகிவிட்டாள். இப்போது வீட்டிலேயே சில நாள் "மிஸ், தண்ணி" என்கிறாள்.

மருமகள் நான்கு வருஷமாகத் தற்காலிக டீச்சர். நிரந்தரம் ஆக வேண்டுமென்றால் கல்வி அதிகாரி முன்னால் ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். தலைப்பு முந்தின நாள் சாயங்காலம் டீச்சருடைய போனுக்கு வரும். பிள்ளைகள் ஒருத்தருக்கும் அது முன்கூட்டித் தெரியக் கூடாது. தெரிந்தால் வகுப்பு செல்லாது. செல்லாவிட்டால் அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

நேற்று ஐந்து மணிக்குத் தலைப்பு வந்தது. "நேற்று என் கண் முன்னால் நடந்தது."

மருமகள் உடனே குருவியைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். குட்டி ஸ்டூல் ஒன்றை நடுக்கூடத்தில் போட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

"மாமா, இப்ப நீங்கதான் என் கிளாஸ்."

"எத்தனை பேரும்மா?"

"நாற்பது பேர்."

நானும் நாற்பது பேராக இருந்தேன். தகரப் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவனுக்கு இது பெரிய வேலையா? கத்தினேன், கிள்ளினேன், பென்சில் தொலைந்துவிட்டது என்று அழுதேன், ஒன்றுக்குப் போக வேண்டும் என்று மூன்று தடவை விரல் காட்டினேன். அந்த நேரத்தில்தான் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் குருவி. விட்டுப்போன ஸ்கிப்பிங் கயிற்றை எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏன் சொல்லவில்லை? மருமகள் பதறிப்போவாள் என்று ஒரு காரணம். குழந்தைக்குத் தலைப்பு முன்னாலேயே தெரிந்தால் அசத்திவிடும், அம்மாவுக்கு ஒரு கை கொடுத்த மாதிரி இருக்கும் என்று இன்னொரு காரணம். முதல் காரணத்தை நான் பிறகுதான் யோசித்துச் சேர்த்தேன்.

இன்று காலை பத்து மணி.

மாதிரி வகுப்பில் பெற்றோர் தரப்பில் இரண்டு பேர் உட்கார வேண்டுமாம். என் மகனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. எங்கேயோ பதினோராவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதில் நான். பக்கத்தில் ஒரு தையல்காரி. காலர் வைக்காத சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, பேசுகிறபோதே ஊசி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க பிள்ளை எது?" என்று கேட்டேன்.

"அதோ, ஜன்னலோரம். வாத்துன்னு கூப்பிடுவாங்க, நடக்கிறது அப்படி. ரெண்டு வரிக்கு மேல எழுத மாட்டா. அவளைக் கேட்டுடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்."

"நானும் ஒருத்தியைக் கேட்டுடக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டு இருக்கேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

அதிகாரி வந்தார். ஐம்பது வயது அம்மாள். தோளில் பெரிய பை, கையில் அட்டை. பின்னாலேயே ஹெட்மாஸ்டர். அதிகாரி உட்காரப்போகும் நாற்காலியை ஹெட்மாஸ்டர் தன் கைக்குட்டையாலேயே இரண்டு தடவை துடைத்தார். அப்படித் துடைக்கிற ஆளை நான் நம்புவதில்லை. பொதுவாக ஆபீசிலிருந்து வருகிற யாரையுமே நான் நம்புவதில்லை.

மருமகள் கரும்பலகையில் ஒரு பெரிய கட்டம் போட்டாள். கட்டத்துக்குக் கம்பி வரைந்தாள். ஒரு பூட்டும் வரைந்தாள்.

"இது என்ன?"

"ஜெயில் மிஸ்!"

"யாரெல்லாம் உள்ளே?"

"அழகான! நல்ல! மிகவும்! மகிழ்ச்சி! இனிமை!" நாற்பது பிள்ளைகளும் குற்றவாளிகளைக் காட்டிக்கொடுக்கிற உற்சாகத்தில் கத்தினார்கள்.

அதிகாரி நிமிர்ந்தார். "மகிழ்ச்சி என்ன தப்பு பண்ணுச்சு?"

"மகிழ்ச்சின்னு எழுதினா என்ன நடந்துச்சுன்னே தெரியாது மேடம்" என்று எழுந்து நின்றான் ஒருவன். முன்பல் இரண்டும் இல்லை. ஓட்டைப்பல் என்று பெயர். "எங்க அக்கா மகிழ்ச்சியா இருந்தா கட்டில்ல குதிப்பா. எங்க அப்பா மகிழ்ச்சியா இருந்தா சும்மா காலை ஆட்டுவார். எதுன்னு சொல்லணும்ல?"

ஹெட்மாஸ்டர் அவனை உட்காரச் சொல்லிக் கையாட்டினார். அதிகாரி அட்டையில் ஏதோ குறித்தார்.

போன வருஷம் இந்தப் பிள்ளைகள் எழுதின கட்டுரையை மருமகள் வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். நாற்பது நோட்டிலும் அம்மா "அன்பின் உருவம்". நாற்பது பேரும் விடுமுறையில் மலைக்குப் போய் இயற்கையை ரசித்திருக்கிறார்கள். பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினதில்லை. எல்லாம் கைடு புத்தகம். ஹெட்மாஸ்டருக்கு அதுதான் பிடிக்கும், திருத்துவது சுலபம்.

"இன்னைக்குத் தலைப்பு, நேற்று என் கண் முன்னால் நடந்தது" என்றாள் மருமகள். "எப்படி ஆரம்பிக்கக் கூடாது?"

"காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்!"

"ஏன்?"

"எல்லாரும்தான் துலக்குறாங்க மிஸ்!"

"வாத்து துலக்க மாட்டா மிஸ்" என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. தையல்காரி ஊசியைக் குத்திக்கொண்டாள்.

"நாள் முழுக்க வேண்டாம். ஒரே ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷத்துல கண்ணு என்ன பார்த்துச்சு, காது என்ன கேட்டுச்சு, மூக்குல என்ன வந்துச்சு, கையில என்ன பட்டுச்சு. நடக்காததைச் சேர்க்காதே. நடந்ததை ஒளிக்காதே. ஆரம்பிங்க."

நடந்ததை ஒளிக்காதே. ஜன்னலில் பார்த்ததையே இவள் எழுதிவைத்துவிட்டால்?

குருவியைப் பார்த்தேன். குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி வெளியே தெரிந்தது. அது தெரிந்தால் அவள் வேறு உலகத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். செருமினேன். திரும்பவில்லை. செருப்பைத் தரையில் தேய்த்தேன். ஹெட்மாஸ்டர்தான் திரும்பினார்.

இருபது நிமிஷம். பென்சில் ஓடுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. எங்கள் பட்டறையில் வேலை சரியாக ஓடுகிற நாளில் இப்படித்தான், யாரும் பேச மாட்டார்கள்.

"சரி" என்றார் அதிகாரி. "நானே ஒரு நம்பர் சொல்றேன். பதினேழு."

குருவி எழுந்தாள்.

நாற்பதில் அவளா வர வேண்டும்? நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"தாத்தா குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மிஸ் சுவரைப் பார்த்து, வணக்கம் பிள்ளைகளே என்றார். தாத்தா சின்னக் குரல், பெரிய குரல், மூக்குக் குரல் எல்லாவற்றிலும் வணக்கம் சொன்னார். கடைசிக் குரலில் இருமல் வந்துவிட்டது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அதிகாரிக்கும் உதடு துடித்தது. மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

"நேற்று என் கண் முன்னால் நடந்தது, சொல்லுங்கள் என்றார் மிஸ். டீ குடிச்சேன், நல்லா இருந்துச்சு என்றார் தாத்தா. நல்லா ஜெயிலுக்குப் போகட்டும் என்றார் மிஸ். தாத்தா தலையைச் சொறிந்தார். டம்ளர்ல உதடு ஒட்டிக்கிச்சு, எடுத்தப்ப ப்ச்னு சத்தம் வந்துச்சு என்றார். மிஸ் சிரித்தார். மிஸ் சிரித்து மூன்று நாள் ஆகிறது. ஜன்னல் கம்பி என் மூக்கில் சில்லென்று இருந்தது. துரு வாசனை அடித்தது. தாத்தா என்னைப் பார்த்துவிட்டார். நான் வாயில் விரல் வைத்தேன். தாத்தாவும் வாயில் விரல் வைத்தார்."

முடிந்தது. அவள் உட்கார்ந்தாள். ஒரு பிழை இல்லை, ஒரு பொய் இல்லை. சாதாரண நாளாக இருந்திருந்தால் எழுந்து கை தட்டியிருப்பேன்.

அதிகாரி மெதுவாகக் கேட்டார். "உன் தாத்தா எங்கம்மா?"

"பின்னாடிதான் உட்கார்ந்திருக்கார் மேடம்."

"அவர் முன்னாடி பாடம் நடத்தின மிஸ் யாரு?"

"இந்த மிஸ்தான்."

"இந்த மிஸ் உங்க வீட்டுக்கு எதுக்கு வந்தாங்க?"

குருவி ஒரு நிமிஷம் முழித்தாள். "அவங்க வீடுதான் மேடம் அது. வீட்டுல அவங்க எனக்கு அம்மா."

ஹெட்மாஸ்டர் குறுக்கே பாய்ந்தார். "மேடம், குழந்தை ஏதோ கற்பனையா..."

"கற்பனை இல்ல சார்!" குருவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "கற்பனைக்கு வெள்ளிக்கிழமைதான். இன்னைக்கு நடந்ததுதான் எழுதணும்."

நான் எழுந்துவிட்டேன். சின்னப் பெஞ்சு, முட்டி இடித்து அது பின்னால் சாய்ந்து பெரிய சத்தம்.

"தப்பு என்னோடது அதிகாரியம்மா. அவ கதவைச் சாத்திட்டுத்தான் நடத்தினா. குழந்தை நின்னதை நான் பார்த்தேன். சொல்லலை. அவளுக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது."

மருமகள் என்னையே பார்த்தாள். "மாமா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்ம்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற தலைப்பு கேட்டிருப்பேனே மாமா. ஒரு போன்தானே."

சாய்ந்த பெஞ்சை நிமிர்த்தி வைத்தேன். ஒரு போன்தான்.

"விதிப்படி இந்த வகுப்பு செல்லாது" என்றார் அதிகாரி. பேனாவை மூடினார். ஹெட்மாஸ்டர் பெருமூச்சு விட்டார். வருத்தப் பெருமூச்சு மாதிரி எனக்குப் படவில்லை.

மருமகள் அழுவாள் என்று நினைத்தேன். கரும்பலகையில் எழுதியிருந்த தலைப்பை ஒரே இழுப்பில் அழித்தாள். ஜெயிலை மட்டும் விட்டுவைத்தாள்.

"சரி மேடம். அது செல்லாது. பெல் அடிக்க இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. தலைப்பு இப்பவே நீங்களே கொடுங்க. எனக்கும் தெரியாதது, பிள்ளைங்களுக்கும் தெரியாதது."

"அப்படி வழக்கம் இல்லையே."

"வேண்டாம்னு விதி இருக்கா மேடம்?"

அதிகாரி யோசித்தார். பேனா மூடியைத் திருகினார். அதற்குள் ஓட்டைப்பல் எழுந்துவிட்டான்.

"மேடத்தைப் பத்தியே எழுதலாம் மிஸ்! மேடத்தை நாங்க இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லையே! யாருமே ஒத்திகை பார்த்திருக்க முடியாது!"

வகுப்பு முழுக்க "ஆமா மிஸ், ஆமா மிஸ்" என்று குதித்தது. ஹெட்மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. "டேய், உட்காருடா! மேடம், மன்னிச்சுக்கணும், இந்த வகுப்பே கொஞ்சம்..."

அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். எழுந்து மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பையைத் தோளிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எழுதுங்க" என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. நாற்பது ஜோடிக் கண் ஒரே இடத்தில் விழுந்தால் யாருக்குமே நடுங்கும்.

இப்போது பார்த்தேன் என் மருமகளை. மூன்று நாளாக முகத்தில் இருந்த கவலை எங்கே போனதென்று தெரியவில்லை.

"பாராட்டாதீங்க, திட்டாதீங்க. பார்த்ததை மட்டும் வைங்க. முதல்ல எல்லாருக்கும் தெரியறது. அப்புறம் நீ ஒருத்தன் மட்டும் பார்த்தது. அது கிடைக்கலைன்னா எழுந்து கிட்டப் போய்ப் பாரு. மேடம், கொஞ்சம் நடந்து காட்டுவீங்களா?"

அதிகாரி நடந்தார். பிள்ளைகள் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். ஒருத்தி கிட்டப் போய், "மேடம், உங்க கையை மோந்து பார்க்கலாமா?" என்றாள். அதிகாரி கையை நீட்டினார். வாத்து அசைந்து அசைந்து மேஜையைச் சுற்றி இரண்டு தடவை போனாள். தையல்காரி சட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

பதினைந்து நிமிஷம் கழித்துப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"மேடத்தின் வலது செருப்பு டக் என்கிறது. இடது செருப்பு ஒன்றும் சொல்லவில்லை."

"மேடம் கையில் தைல வாசனை. கட்டை விரலுக்குப் பக்கத்தில் அதிகம்."

"மேடம் சிரிக்க ஆரம்பிக்கிறார். ஹெட்மாஸ்டரைப் பார்க்கிறார். சிரிப்பு உள்ளே போய்விடுகிறது." இது குருவி.

அதற்கு அதிகாரி வாய்விட்டே சிரித்துவிட்டார், இந்தத் தடவை ஹெட்மாஸ்டரைப் பார்க்காமல். நான் பக்கத்துப் பெஞ்சைத் தட்டினேன். தையல்காரி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் மகள் எழுந்து நின்றிருந்தாள்.

கேட்காமலே எழுந்திருந்தாள்.

"நான் எழுதியிருக்கேன் மிஸ். ஏழு வரி."

"ஏழா!" என்றாள் தையல்காரி, சத்தமாகவே.

வாத்து படித்தாள். "மேடத்தின் பைக்கு வாய் பெரிது. மூடவில்லை. உள்ளே ஒரு குடை. ஒரு தைல டப்பா. ஒரு பழுப்பு உறை. உறைமேல் எங்கள் மிஸ் பெயர் இருக்கிறது. உறை ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் வழிந்த பசை காய்ந்து மஞ்சளாகிவிட்டது."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியின் கை தானாகப் பையின் வாய்க்குப் போனது.

எனக்குச் சட்டென்று புரிந்தது. எழுதப் படிக்கத் தடுமாறுகிறவன்தான் நான். ஆனால் பசை காய எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியும்.

"அதிகாரியம்மா" என்றேன். "வகுப்பு இப்பத்தானே நடக்குது. உறையை எப்ப ஒட்டினீங்க?"

"பெரியவரே, உட்காருங்க!" என்று சீறினார் ஹெட்மாஸ்டர்.

"முட்டி வலிக்குது சார், நிக்கறேன்."

அதிகாரி உறையை வெளியே எடுத்தார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் நாற்பது பிள்ளைகள் பென்சிலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து சாயங்காலம்" என்றார். "ஹெட்மாஸ்டர் அனுப்பின குறிப்பை வச்சு ஆபீசுல டைப் பண்ணிக் கொடுத்தாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இப்படித்தான் நடக்குது." பிறகு மருமகளிடம் நீட்டினார். "இது உங்க உத்தரவு. எப்படியும் இன்னைக்குக் கொடுக்கத்தான் கொண்டுவந்தேன்."

மருமகள் வாங்கவில்லை.

"நீங்க என் வகுப்பைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எழுதினது மேடம் இது. எனக்கு வேண்டாம். இப்பப் பார்த்தீங்களே, அதை எழுதிக் கொடுங்க."

"உள்ளே உங்களுக்கு நல்லதாவே இருந்தா?"

"இருந்தாலும்."

எனக்கு உயிரே போய்விட்டது. "பிரிச்சுப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லும்மா!" என்று கத்தினேன். "நாலு வருஷம்மா!"

"மாமா, நேத்து வாயை மூடிட்டு இருந்தீங்களே, அதை இப்ப செய்யுங்க."

வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. குருவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி மருமகளைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். பிறகு உறையைக் குறுக்கே ஒரு கிழி, நெடுக்கே ஒரு கிழி. நாலு துண்டு தரையில் விழுந்தது. "ஒரு தாள் கொடும்மா" என்று குருவியிடம் கேட்டு வாங்கி, முதல் பெஞ்சில் ஓட்டைப்பல்லை நகரச் சொல்லி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

ஹெட்மாஸ்டர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். மூன்றுதான் கிடைத்தது. நான்காவது என் செருப்புக்கு அடியில் இருந்தது. அவர் தேடிவிட்டு நிமிர்ந்த பிறகு அதை எடுத்து, உறையிலிருந்து தாளை உருவி, மடியில் வைத்து எழுத்துக் கூட்டினேன்.

நி. ர. ந். த. ர. அப்புறம் ஒரு ப். அப்புறம் பணி.

நிரந்தரப் பணி. அதோடு கிழிந்திருந்தது. கொடுக்கப்படுகிறது என்றா, கொடுக்க முடியாது என்றா, மிச்சம் ஹெட்மாஸ்டரின் உள்ளங்கையில் இருந்தது. அவர் கையை இறுக மூடி வைத்திருந்தார்.

துண்டை மருமகளிடம் காட்டினேன். அவள் திரும்பவே இல்லை. அதிகாரியின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெல் அடித்தது. ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. அதிகாரி தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.